கொக்கியை மட்டும் உரசியது

"அன்னிக்கு உங்க கடையிலதான தம்பி உரசிப் பார்த்தோம். 916-னு சொன்னீங்களே," என்றார், யாரோ ஒருவனிடம் தங்கச் சங்கிலி வாங்கியிருந்த ஓர் அம்மா.

உரசியது நானா, பக்கத்து மேசையில் இருந்தவரா என்று நினைவில்லை. பினாங்கு லெபோ பசாரில் தீபாவளி நெருங்கினால் ஒரு நாளைக்கு எத்தனையோ பேர் எங்கள் நகைக்கடைக்கு வந்து உரைகல்லில் உரசிப் பார்க்கச் சொல்வார்கள். காசு வாங்குவதில்லை, அரை நிமிட வேலை. யார் உரசியிருந்தாலும் உரசியது கொக்கியைத்தான். அது 916தான், அதாவது 22 காரட், இன்று உரசினாலும் அதே பதில்தான் வரும். நாங்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த அம்மா கேட்டது சங்கிலியைப் பற்றி.

விற்றவன் அவசரப்படுத்தவில்லையாம். "எந்தக் கடைக்கு வேணும்னாலும் போய்ப் பாருங்க" என்று அவனே கூட வந்திருக்கிறான். ஆஸ்பத்திரிச் செலவு, கையில் ஒரு பழைய ரசீது, அன்றைய விலையைவிடக் கொஞ்சமே குறைவு. மலிவாகக் கேட்டால் சந்தேகம் வரும் என்று தெரிந்தவன். கொக்கியும் அதை ஒட்டிய இரண்டு வளையங்களும் அசல். மீதியெல்லாம் வெள்ளி, மேலே கனத்த தங்க முலாம். செம்பை விட்டு வெள்ளியை எடுத்ததற்குக் காரணம் உண்டு. செம்பின் அடர்த்தி 8.96, வெள்ளி 10.5, 916 தங்கம் ஏறக்குறைய 17.7. வெள்ளியில் செய்தால் கைக்குக் கனம் சரியாக இருக்கும், சங்கிலி மட்டும் சற்றுப் பருமனாகும். பருமனான சங்கிலியை யாரும் குறையாக நினைப்பதில்லை.

காந்தம் இதில் உதவாது. வெள்ளியும் ஒட்டாது, செம்பும் ஒட்டாது. எக்ஸ்ரே இயந்திரம் மேற்பரப்பில் சில மைக்ரான் ஆழத்தைத்தான் படிக்கும். முலாம் கனமாக இருந்தால் அதுவும் தங்கம் என்றே காட்டும். காட்டிக்கொடுத்தது தண்ணீர். தராசில் தண்ணீர்க் குவளையை வைத்துப் பூஜ்யமாக்கி, சங்கிலியை மெல்லிய நைலான் நூலில் கட்டி, அடியும் பக்கமும் தொடாமல் முக்கினேன். சங்கிலியின் எடை 24.20 கிராம். முக்கியதும் தராசு காட்டுவது சங்கிலி விலக்கிய தண்ணீரின் எடை; 916 என்றால் அது 1.37 அளவில் நிற்க வேண்டும். 2.20 காட்டியது. எடையை அதால் வகுத்தால் அடர்த்தி 11. வளையங்களுக்குள் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் நல்ல தங்கமும் இப்படிப் பொய்யாகத் தெரியும் என்பதால் ஒரு சொட்டுச் சோப்பு விட்டு மறுபடி பார்த்தேன். அதே எண். (அரக்கு அடைத்த குண்டு, கல் பதித்த நகைக்கு இந்தச் சோதனையை நம்பக் கூடாது.)

பிறகு அவரிடம் கேட்டுவிட்டு நடு வளையத்தில் அரத்தால் ஒரு கீறல் போட்டேன். உள்ளே வெண்மை. நைட்ரிக் ஆசிட் ஒரு சொட்டு விட்டதும் பால் கலந்த சாம்பல் நிறம். செம்பாக இருந்தால் பச்சையாகப் பொங்கியிருக்கும்.

அன்றைக்கே கீறியிருக்கலாம் என்று தோன்றுகிறது. ஆனால் விற்க வராத நகையில், அதுவும் அடுத்தவன் நகையில், அரம் வைக்க எங்களுக்கு உரிமை இல்லை. லேசாக உரசுவதிலும் பயனில்லை, முலாம்தான் கல்லில் ஏறும். கீறல் போட்டு, அதன் உள்பக்கத்தை உரசி, 916 தங்கம் என்று உறுதியான மாதிரி ஊசியால் போட்ட கோட்டோடு பக்கத்தில் வைத்து ஆசிட் விட்டால்தான் அது சோதனை. நகைக்கு வலிக்கக் கூடாது என்று நாங்கள் பார்க்கும் மரியாதைதான் அவனுக்கு வழியாயிற்று. அப்படியும் சொல்ல முடியவில்லை. தண்ணீர்ச் சோதனை நகையைக் கெடுக்காது, இரண்டு நிமிடம்தான். அந்த இரண்டு நிமிடத்தை ஏன் கொடுக்கவில்லை என்பதற்கு, கூட்டம் என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

போலீசில் புகார் கொடுக்கச் சொன்னேன். வங்கி வழியாகப் பணம் போயிருந்தால் உடனே மோசடிப் புகார் எண்ணான 997-க்கு அழைத்து முடக்கப் பார்க்கலாம். அவர் கொடுத்தது ரொக்கம்.

"வாங்குறதுக்கு முன்னாடி முழுசாப் பாருங்கன்னு நான் கேட்டிருந்தா பார்த்திருப்பீங்களா தம்பி?" என்றார். பார்த்திருப்போம் என்றேன். அது உண்மையா என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன்.

இப்போது யார் வந்தாலும், "கொக்கி 916. சங்கிலியை நான் இன்னும் பார்க்கலை, தண்ணியில போட்டுச் சொல்றேன்" என்கிறேன். முதல் பாதியைக் கேட்டதுமே பலர் நகையை எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிறார்கள்.