தளம் போட்டாச்சு, விழா என்றைக்கு?

சமுதாயக் கூடத்துக்குக் கூரைத் தளம் போடும் நாளில்தான் பலர் கொடுத்த பணம் கட்டடமாகக் கண்ணுக்குத் தெரிகிறது. கொண்டாட வேண்டிய விஷயம்தான். ஆனால் கான்கிரீட் போடுகிற அன்றைக்கு வேண்டாம். தளத்தைக் கீழிருந்து தாங்கும் முட்டுகளைப் பிரித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

கான்கிரீட் அன்று கூட்டம் மேலே ஏறினால் முதலில் கெடுவது மேல் கம்பி. பீமுக்கு மேலேயும் சன்ஷேடிலும் கம்பி தளத்தின் மேல்பக்கம் இருந்தாக வேண்டும். பத்துப் பேர் மிதித்தால் அமுங்கிவிடும். சன்ஷேடில் அப்படி அமுங்கியிருந்தால், முட்டுகளை எடுக்கும்போது அது மடிந்து விழக்கூடும். ஏறியே தீருவோம் என்பவர்களுக்கு நடைபலகை போட்டு, இரண்டு மூன்று பேராக அனுப்புங்கள்.

பேச்சு, மரியாதை எல்லாம் மிக்சர் சுற்றுவதற்கு முன்பே முடியட்டும். கலவை காத்திருந்தால் இறுகும். யாராவது ஒரு குடம் தண்ணீர் ஊற்றி இளக்குவார்கள். பலம் அங்கேயே போச்சு. பெரியவர் கையால் முதல் சட்டி கொட்டினால், அடுத்த கலவை உடனே அதோடு சேர வேண்டும். தனியாக இறுகினால் ஒட்டாத கோடு விழும். பின்னால் மழைநீர் அந்த வழியாகத்தான் இறங்கும்.

100 சதுர மீட்டர் தளம், 15 செ.மீ. கனம் என்றால் 15 கன மீட்டர் கான்கிரீட், ஏறக்குறைய 36 டன். அத்தனையும் முட்டுகளின் மேல் நிற்கிறது. அவற்றுக்கு நடுவே நாற்காலி போடுவது கூடவே கூடாது.

சாதாரண சிமென்ட் என்றால், தாங்கும் சுவர் அல்லது பீம்களுக்கு நடுவே 4.5 மீட்டர் வரை இடைவெளியுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள் முட்டு இருக்க வேண்டும். பீம் 6 மீட்டரைத் தாண்டினால் 21 நாள். கூடத்தில் நடுத்தூண் வைக்க மாட்டோம், பீம் நீளம்தான். குளிர் காலத்தில் இன்னும் கூடும். என் யோசனை: கான்கிரீட் அன்று அதே கலவையில் வார்த்து எடுத்த கியூப்களின் (சோதனைக் கட்டிகளின்) 28 நாள் பலச் சோதனை முடிவு கைக்கு வந்தபின் விழாத் தேதி குறியுங்கள். முட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்குப் பிரிக்க வேண்டும். சன்ஷேடில் மட்டும் நுனியிலிருந்து சுவர்ப் பக்கம்.

விழா தளத்துக்குக் கீழேதான். மொட்டைமாடி பெரும்பாலும் சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவுக்கே கணக்கிடப்பட்டிருக்கும். ஒரு சதுர மீட்டரில் நெருக்கி நிற்கும் நான்கு பேரே 260 கிலோ வருவார்கள். வருகிறவர்கள் நிமிர்ந்து பார்க்கட்டும். அதற்கு முன்னால், சென்ட்ரிங் பலகையிலிருந்து (கான்கிரீட்டைத் தாங்க அடித்த பலகை) உதிர்ந்த ஆணிகளைக் காந்தம் கட்டிப் பொறுக்கிவிடுங்கள். குழந்தைகள் வெறுங்காலோடு ஓடும்.