இமயமலைச் சேறும் ஒரு பின்னிணைப்பும்

போன ஞாயிறு பின்னேரம் அத்தானும் நானும் வெள்ளவத்தையில ரயில் பாதைக்கு அங்கால கல்லில குந்தியிருந்து கச்சான் சாப்பிட்டுக்கொண்டிருந்தம், தூரத்தில ஹாபருக்குள்ள போக நிக்கிற கப்பல்களின்ர லைட் வரிசையா தெரிஞ்சுது. அத்தான் வழக்கம்போலத் தொடங்கினார். "ஒரு பக்கம் இந்தியா, மற்றப் பக்கம் சீனா, நடுவில எங்கட சொல்லை ஆரடா கேக்கப்போறான்?"

நானும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருந்தனான். ஆனா கொஞ்ச நாளா கடல் சட்டம் சம்பந்தமா நித்திரை முழிச்சு வாசிச்சதில ஒரு விசயம் மண்டைக்குள்ள நிண்டதால, அண்டைக்கு வாய் சும்மா இருக்கேல்ல.

ஒரு நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆழ்கடல் அடி முழு மனுசருக்கும் பொது எண்டு 1967ல ஐநாவில எழும்பிக் கதைச்சது மால்டா நாட்டு ஆர்விட் பார்டோ. மால்டா எவ்வளவு பெரிசு? எங்கட மாவட்டம் ஒண்டுக்கும் காணாது. அதுக்குப் பிறகு அந்த யோசனையை வச்சு வருசக்கணக்கா கமிட்டி நடத்தி, கடலில ஆருக்கு என்ன உரிமை எண்டு பேசித் தீர்க்க 1973ல தொடங்கின ஐநா கடல் சட்ட மகாநாட்டுக்கும் தலைவரா இருந்தது, ஐநாவில எங்கட தூதுவரா இருந்த ஷேர்லி அமரசிங்க. 1976ல ஐநா பொதுச்சபைத் தலைவரும் அவர்தான். பெரிய நாடுகள், கடலே இல்லாத நாடுகள், மீன்பிடி நாடுகள், கப்பல் நாடுகள் எண்டு நூற்றைம்பதுக்குக் கிட்ட நாடுகள் ஒண்டை ஒண்டு பிடிச்சு இழுக்க, வோட்டெடுப்புக்கு ஓடாம எல்லாரும் ஒத்துவாற வரைக்கும் இருந்து கதைக்கிறது எண்டதுதான் அங்க முறை. அதுக்கு ஆயுதமோ காசோ உதவாது, பொறுமைதான் வேணும்.

பிறகு நடந்ததுதான் எனக்குச் சிரிப்பும் கோவமும். 1977ல இஞ்ச ஆட்சி மாறிச்சு. 1978ல ஜெனீவாவில கூட்டம் தொடங்கேக்க மனுசன் இலங்கைக் குழுவிலயே இல்லை. சொந்த நாட்டுக் குழுவில இல்லாத ஆள் எப்பிடித் தலைவரா இருக்கலாம் எண்டு லத்தீன் அமெரிக்க நாடுகள் பிரச்சினை எழுப்ப, அதுவே பெரிய இழுபறியாப் போய், கடைசியா மகாநாடு அவர்தான் தலைவர் எண்டு முடிவெடுத்திச்சு. நாடு வேண்டாம் எண்டு விட்ட ஆளை உலகம் விடேல்ல. 1980 டிசம்பரில சாகும் வரைக்கும் அவர் தலைவர், பிறகுதான் சிங்கப்பூர் டொமி கோ.

அத்தானுக்கு இது பிடிச்சுது, ஆனா "அதால எங்களுக்கு என்ன கிடைச்சுது?" எண்டு கேட்டார். நல்ல கேள்விதான்.

கரையில இருந்து 200 கடல் மைலுக்கு அங்காலயும் கடலடி மண் ஒரு நாட்டுக்குச் சேரலாம், அதுக்கு ஒரு கணக்கு இருக்கு. கரைச் சரிவு, அதாவது கரைக்கு அங்கால கடலடி ஆழத்துக்கு இறங்கிற சரிவு, அதின்ர அடியில இருந்து 100 கிலோமீட்டர் தள்ளிப் போனா அங்க அடையல், அதாவது படிஞ்ச சேறு, 1 கிலோமீட்டர் தடிப்பாவது இருக்கோணும், 300 எண்டா 3. எங்கட பக்கம் சரிவு கரைக்குக் கிட்டவே முடிஞ்சிடும், ஆனா கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயமலையில இருந்து கொண்டுவந்து கொட்டின சேறு வங்காள விரிகுடா முழுக்க விசிறி மாதிரிப் பரவி எங்களையும் தாண்டித் தெற்கால போய்க் கிடக்கு. பொதுக் கணக்குப்படி பாத்தா அதில பாதிக்கு மேல கைவிட்டுப் போயிடும். அதால விரிகுடாவின்ர தென்பகுதிக்கு மட்டும் 1 கிலோமீட்டர் தடிப்பு இருந்தாப் போதும், தூரம் பாக்கத் தேவையில்லை எண்டு இலங்கைக் குழு பேசிப் பேசி மகாநாட்டின்ர இறுதி ஆவணத்தில இரண்டாவது பின்னிணைப்பாச் சேர்ப்பிச்சிட்டுது. நேவியால பிடிக்கேலாத இடத்தை ரெண்டு மூண்டு பந்தியில கேக்கலாம் எண்டு ஆக்கினதை நான் சின்ன விசயமா நினைக்கேல்ல.

அதை வச்சு, இவ்வளவு கடலடி எங்கட எண்டு இலங்கை தன்ர மனுவை நியூயோர்க்கில ஐநாவிட்டக் குடுத்த திகதி 2009 மே 8. இந்தத் திகதியைப் பாத்த உடன நான் கொம்பியூட்டரை மூடிப்போட்டு எழும்பிப் போயிட்டன். அந்தக் கிழமை வன்னியில என்ன நடந்துகொண்டிருந்தது எண்டு எங்கட ஆக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அங்க சேத்தின்ர தடிப்பை அளந்து வரைபடம் குடுக்கினம், இஞ்ச வட்டுவாகல் பக்கம் சனம். "எங்கட கடல்" எண்டு சொல்லேக்க எனக்குத் தொண்டையில ஏதோ அடைக்கிறது அதாலதான், அத்தானும் அந்த இடத்தில ஒண்டும் கதைக்கேல்ல.

இப்ப பாத்தா, 2024 ஜனவரியில இந்தியா, பொது ஆழ்கடல் அடியில கனிமம் தேட அனுமதி குடுக்கிற ஜமேக்காவில இருக்கிற சர்வதேச கடலடி அதிகாரசபைக்கு, அஃபனாசி நிகிடின் எண்ட கடலடி மலையில கோபால்ட் தேட விண்ணப்பம் போட்டிருக்கு. அந்த மலை எங்கட மனுவுக்குள்ள வாற இடம். விண்ணப்பக் கட்டணம் மட்டும் 5 லட்சம் டொலர். தேடுறதுக்கு கப்பல் வேணும், லாப் வேணும், அதுகள் அவையளிட்ட இருக்கு. எங்களிட்ட இருக்கிறது ஒரு பின்னிணைப்பு.

"அப்ப அதை வாதாடுற ஆக்கள் இப்ப ஆரடா இருக்கினம்?" எண்டு அத்தான் கேட்டார். எனக்குப் பெயர் ஒண்டும் வரேல்ல. பாணந்துறை ட்ரெயின் சத்தத்தோட போச்சு, கச்சான் சரையில அடியில உப்பு மட்டும்தான் மிச்சம், வீட்டை போவம் எண்டு எழும்பினம்.