சுந்தர்ஜியும் எங்கள் பி.எம்.பி.யும்

வியாசர்பாடியில் இருக்கும் என் அக்கா மகன், ராணுவ அதிகாரி ஆவதற்கான சி.டி.எஸ். தேர்வுக்குப் படிக்கிறான். "மாமா, காலாட்படையில் சேர்ந்து ஜெனரல் வரைக்கும் போக முடியுமா? நடந்தே தேய வேண்டியதுதானா?" என்று கேட்டான். ஹவில்தாராக ஓய்வு பெற்றவனிடம் கேட்கிற கேள்வியா இது! ஆனாலும் பதில் என்னிடம் இருந்தது: ஜெனரல் கே. சுந்தர்ஜி.

செங்கல்பட்டில் பிறந்தவர். 1946-ல் அதிகாரியாகி மஹர் ரெஜிமெண்டில் பணியாற்றினார். 1965 போரில் காலாட்படை பட்டாலியன் ஒன்றை நடத்தினார். பிறகு டாங்கிகள் நிறைந்த 1-வது கவச டிவிஷனுக்கே தளபதியானார். டாங்கிப் படைக்காரர்கள் தங்கள் குடும்பச் சொத்தாக நினைத்திருந்த நாற்காலி அது. 1986 பிப்ரவரியில் தரைப்படைத் தலைமைத் தளபதி.

அவர் சாதனை எது என்று கேட்டால் பலரும் 'பிராஸ்டாக்ஸ்' என்ற மாபெரும் போர் ஒத்திகையைச் சொல்வார்கள். நான் 1979-ஐச் சொல்வேன். டாங்கி ஓடும் வேகத்துக்குக் காலாட்படையும் ஈடுகொடுக்க வேண்டும் என்று விடாமல் வாதாடியவர்களில் முன்னணியில் நின்றவர் அவர். அந்த ஆண்டுதான், கவச வண்டிகளில் போய் இறங்கிச் சண்டையிடும் எங்கள் இயந்திரக் காலாட்படை ரெஜிமெண்ட் உருவானது. அதன் முதல் பட்டாலியன், மெட்ராஸ் ரெஜிமெண்டின் பழம்பெரும் முதல் பட்டாலியன்தான். நம் ஊர்க்காரர்கள் இதைச் சொல்லிப் பெருமைப்படுவதே இல்லை.

எங்களைச் சுமந்து போகும் கவச வண்டியான பி.எம்.பி.யைக் குடியரசு தின அணிவகுப்பில் பார்த்தால் கம்பீரமாக இருக்கும். உள்ளே உட்கார்ந்தவனைக் கேளுங்கள். முதுகோடு முதுகாக இரண்டு வரிசை. நடுவில் டீசல் தொட்டி. ஏறி இறங்கும் பின்கதவுக்குள்ளும் டீசல். முழங்காலை மடக்கினால் மடக்கியபடிதான். ராஜஸ்தான் வெயிலில் இரும்பும் கொதிக்கும். ஆனால் கதவு திறந்து குதிக்கும்போது காலில் தெம்பு மிச்சமிருக்கும்; இருபது கிலோமீட்டர் மணலில் நடந்து வந்தவனுக்கு அது இருக்காது. நடந்து பழகிய ஒரு அதிகாரிக்குத்தான் இந்த அருமை புரியும்.

1986-ல் சீன எல்லையில் பதற்றம் வந்தபோது ஹெலிகாப்டர்களில் துருப்புகளை அருணாச்சலப் பிரதேசத்தின் ஜிமிதாங்கில் கொண்டு இறக்கியதும் அவர் காலத்தில்தான். அதிலும் வேகத்தை நம்பிய இதே புத்திதான் தெரிகிறது.

எங்கள் தண்டையார்பேட்டையில் அவர் பெயரை எடுத்தால் வேறு பேச்சு எழும். 1987-ல் இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போனபோது தலைமைத் தளபதி அவர். 1990 மார்ச்சில் கடைசி அணிகள் இதோ இந்தச் சென்னைத் துறைமுகத்துக்குத் திரும்பியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. எங்கள் தெருவில் அன்று அது சரி என்றவர்கள் உண்டு. சீருடைக்காரன் என்ற முறையில் எனக்கு வலித்தது. யாழ்ப்பாணத் தமிழரின் வலி அதைவிடப் பெரியது என்பதையும் மறுக்க மாட்டேன். பாலைவனத்தை மனத்தில் வைத்து வளர்ந்த போர்முறை யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில், அதாவது குறுகிய சந்துகளில், என்ன செய்துவிடும்? அதில் சுந்தர்ஜியின் கணிப்பு பிசகியது என்பதே என் கட்சி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நம் வீரர்கள் திரும்பவில்லை.

மருமகனுக்கு இந்தக் கதையெல்லாம் பிடித்திருந்தது. லெப்டினன்ட் கர்னல் வரை சேவைக்காலம் தூக்கிவிடும், கர்னலிலிருந்து தேர்வுக்குழு வடிகட்டும் என்றேன், தலையாட்டினான். விண்ணப்பத்தைப் பார்த்தால் பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியை மட்டும் குறித்திருக்கிறான். ஏன் என்றேன். அதற்குக் கணக்குத் தாள் கிடையாதாம்! பரங்கிமலை வழியில் முதலில் கிடைப்பது குறுகிய காலப் பணி. ஜெனரல் கனவு காண்பவன், நிரந்தரப் பணி தரும் டேராடூன் ராணுவ அகாடமியையும் குறிக்க வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமைதோறும் கணக்குப் புத்தகத்தோடு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.