சிரித்துக்கொண்டே சொன்ன ‘வேண்டாம்’

எங்கள் திரையிடலுக்குப் படங்களைத் தேர்ந்தெடுக்கிற குழுவுக்கு அனுப்பிய குறிப்பில், தூத்துக்குடி உப்பளத்துப் பெண்களைப் பற்றிய அந்த ஆவணப்படத்தை நல்லவிதமாகத்தான் எழுதியிருந்தேன். உப்பளம் பற்றி நம்மிடம் வருகிற ஆவணப்படங்களில் பாதிக்கு மேல் வெள்ளைக் குவியலையும் அஸ்தமனச் சூரியனையும் காட்டிவிட்டு முடிந்துவிடும். இது அப்படி இல்லை. பாத்தியில் நிற்கிற பெண்களின் பாதங்களுக்குப் பக்கத்தில் போய்க் கேமரா உட்கார்ந்துவிட்டது. குதிகால் வெடிப்பில் உப்புத் தண்ணீர் படும்போது கால் விரல்கள் உள்ளே மடங்குவதை முதன்முதலில் அந்தப் படத்தில்தான் பார்த்தேன். பின்னணிக் குரல் இல்லை, இசை இல்லை, பலகையால் உப்பை இழுக்கிற சத்தம் மட்டும்தான். இதையெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் இரண்டு வரி சேர்த்தேன்: “வீட்டில் எடுத்த காட்சியில் அந்த அம்மா எடுக்க வேண்டாம் என்கிறார். அந்த ஷாட்டை நீக்கினால் பரிந்துரைக்கிறேன்.”

அந்த இரண்டு வரிதான் இன்னும் என்னை விடவில்லை.

ஷாட் இதுதான். சாயங்கால நேரம். அந்த அம்மா வாசல்படியில் உட்கார்ந்து காலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறார். மூத்த மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தித் தன்னோடு அளத்துக்குக் கூட்டிப்போன வருஷத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பிக்கிறார். பாதியில் நிமிர்ந்து லென்ஸைப் பார்த்து, “இதெல்லாம் எடுக்காதய்யா” என்று சிரிக்கிறார். முந்தானையைத் தூக்கி முகத்தை மறைக்கிறார். கேமரா இறங்கவில்லை. முந்தானை இறங்கும்போது சிரிப்பு போயிருக்கிறது. கேமரா அங்கே இல்லாதது மாதிரி மறுபடி எண்ணெயைத் தொட்டுக் குதிகாலில் தேய்க்கிறார்.

படத்திலேயே பலமான ஷாட் அதுதான். இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு படத்தைக் குறை சொல்லும்போது வழக்கமாக அதில் பலவீனமாக இருப்பதைத்தான் சுட்டுவோம். பேட்டி நீளம், இங்கே இசை தேவையில்லை, தொடக்கத்தை இருபது நிமிஷம் தள்ளிப் போட்டிருக்கிறீர்கள், இப்படி. ஒருவரிடம் அவருடைய படத்தின் மிகச் சிறந்த ஷாட்டை எடுத்துவிடச் சொன்னது எனக்கு அதுதான் முதல் தடவை.

இயக்குநர் பையன் மறுநாளே போன் செய்தான்.

“மேடம், அது எங்க சித்தி.”

எனக்கு உடனே பதில் வரவில்லை. “படத்துல எங்கயும் அது இல்லையே” என்றேன்.

“எதுக்கு இருக்கணும்? சித்தின்னா எடுக்கலாம், வேற ஆளுன்னா எடுக்கக் கூடாதா?”

“அவங்க வேண்டாம்னு சொல்றாங்க இல்லையா தம்பி?”

“சிரிச்சுக்கிட்டேதான மேடம் சொன்னாங்க. எங்க ஊர்ல போட்டோ எடுக்கப் போனாலே எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. சரின்னு கேமராவ மூடிட்டு வந்தா கோவிச்சுக்குவாங்க.”

“எனக்கு அந்தச் சிரிப்பு தெரியும்பா.”

“உங்களுக்குத் தெரிஞ்சது உங்க ஊர்ச் சிரிப்பு மேடம்.”

அப்புறம் அவன் சொன்னதுதான் என்னைக் குழப்பிவிட்டது. எடிட் முடிந்ததும் சித்தியிடம் லேப்டாப்பில் போட்டுக் காட்டியிருக்கிறான். அந்த இடம் வந்ததும் சித்தி மறுபடியும் சிரித்தாராம். “அத எடுத்துடுன்னு சொல்லல, வைன்னும் சொல்லல. சிரிச்சாங்க” என்றான். அதை அவன் ஒப்புதலாக எடுத்துக்கொண்டான். எனக்கோ முதல் சிரிப்பே இன்னொரு முறை கேட்ட மாதிரி இருந்தது.

போனை வைத்த பிறகுதான் சொல்லியிருக்க வேண்டியதெல்லாம் வரிசையாக வந்தது. முன்பின் தெரியாதவன் கேமராவோடு வந்தால் போடா என்று சொல்லிவிடலாம். அக்கா மகன் வந்து உட்கார்ந்தால் எப்படிச் சொல்வது? அவனுக்குச் சாப்பாடு போட வேண்டும், அவன் படித்து மேலே வர வேண்டும், கேட்டதற்கு இல்லை என்று சொல்லி அவன் முகம் வாடிவிடக் கூடாது. அந்த இடத்தில் பெண்களுக்குச் சிரிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. பெண் பார்க்க வந்த வீட்டில், அலுவலகத்தில், பஸ்ஸில் என்று எத்தனை இடத்தில் நானே அப்படிச் சிரித்திருக்கிறேன். உறவு என்பது அனுமதியைச் சுலபமாக்குவதில்லை, மறுப்பதைத்தான் கஷ்டமாக்குகிறது. இது இன்றைக்கும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

ஆனால் இதில் அந்த அம்மா எங்கே இருக்கிறார்? நான் அவரைப் பார்த்ததே இல்லை. ஒரு ஷாட்டில் பார்த்த முகத்துக்கு என் வாழ்க்கையிலிருந்து ஒரு காரணத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அவன் அவர் மடியில் வளர்ந்தவன். அவன் அம்மாவும் அதே அளத்தில் உப்பு வாரியவர். அவனுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்று எந்த தைரியத்தில் சொன்னேன்? சித்தி சார்பாக அவன் முடிவெடுத்தான் என்பதுதான் என் புகார். அதே முடிவை எதிர்ப்பக்கத்திலிருந்து நானும் எடுத்திருக்கிறேன்.

இதைவிடவும் உறுத்துகிற விஷயம் ஒன்று இருக்கிறது. அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் ஃபிரெடரிக் வைஸ்மனின் ‘டிட்டிகட் ஃபாலீஸ்’ படத்தை மாணவர்களுக்கு நான் வருஷா வருஷம் பரிந்துரைக்கிறேன். 1967-ல் வந்த படம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிரிட்ஜ்வாட்டர் என்ற இடத்திலிருந்த, குற்றம் சாட்டப்பட்ட மனநோயாளிகளை அடைத்துவைத்த காப்பகத்தில் எடுத்தது. காவலர்கள் நோயாளிகளை நிர்வாணமாக நிறுத்தி வைத்துக் கேலி செய்கிறார்கள். சாப்பிட மறுத்த ஒருவருக்கு மூக்கு வழியாகக் குழாய் செருகி உணவு செலுத்துகிறார்கள். அதன் நடுநடுவே அவருடைய பிணத்துக்குச் சவரம் செய்வதை வெட்டி ஒட்டியிருப்பார் வைஸ்மன். நோயாளிகளின் அந்தரங்கத்தைக் காரணம் காட்டி நீதிமன்றம் அதைப் பொதுவில் திரையிடக் கூடாது என்றது. 1991-ல்தான் அந்தத் தடை முழுதாக நீங்கியது. அந்தக் காப்பகத்தின் கொடுமை வெளியே தெரியாமலிருக்கத்தான் அரசு அந்தரங்கத்தைக் கையிலெடுத்தது என்று வகுப்பில் அழுத்திச் சொல்வேன். சொன்னதில் எனக்குச் சந்தேகமும் இல்லை. ஆனால் அந்த நிர்வாண மனிதர்களில் எத்தனை பேருக்குக் கேமராவைப் பார்த்துச் சரி என்று சொல்லும் நிலை இருந்தது? வைஸ்மனின் படத்தில் எந்த ஷாட்டையாவது நீக்கச் சொல்ல எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லையே.

தூரமும் காலமும்தான் காரணம் என்று முதலில் நினைத்தேன். பிரிட்ஜ்வாட்டரில் எடுக்கப்பட்டவரின் பேத்தி என் வகுப்பில் வந்து உட்காரப்போவதில்லை. தூத்துக்குடிப் பெண்ணின் மகள் எங்கள் திரையிடலுக்கு வரலாம். யோசித்துப் பார்த்தால் இது ரொம்ப மோசமான காரணம். பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் மானம் உண்டு என்று ஆகிவிடும்.

படம் எடுக்கப்பட்டவர்களிடமே முடிவை விட்டுவிடலாம் என்பார்கள். அதுவும் அத்தனை சுலபமில்லை. பிரெஞ்சுக்காரர்களான ழான் ரூஷும் எட்கர் மோரினும் 1961-ல் வெளியிட்ட ‘ஒரு கோடையின் சரித்திரம்’ ஆவணப்படத்தின் முடிவில், நடித்தவர்கள் இல்லை, வாழ்ந்தவர்களே எல்லோரும் உட்கார்ந்து தங்களைத் திரையில் பார்த்துப் பேசுகிறார்கள். மனசைத் திறந்து பேசிய காட்சிகளைச் சிலர் உண்மை என்கிறார்கள், சிலர் கூச்சமில்லாமல் காட்டிக்கொள்வது என்கிறார்கள். அவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. பத்திரிகை நடத்துகிற தலித் பெண்களைப் பற்றிய ‘ரைட்டிங் வித் ஃபயர்’ ஆவணப்படம் ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியல் வரை போனது. 2022 மார்ச்சில், விருது விழாவுக்குச் சில நாள் முன்பு, அந்தப் பெண்களின் ‘கபர் லஹரியா’ நிறுவனமே இது எங்கள் கதையில் ஒரு பகுதிதான் என்று அறிக்கை வெளியிட்டது. அவர்களுக்கு அறிக்கை எழுதத் தெரியும், அதுதான் அவர்கள் தொழில். அந்தச் சித்திக்கு முந்தானை இருந்தது.

அவன் ஷாட்டை நீக்கவில்லை. குழுவில் நேரம் குறைவாக இருந்தது. என் குறிப்பைப் படித்துவிட்டு அந்த இடத்தை வேறொரு படத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் நிராகரிக்கவில்லையே, இன்னொரு முறை பேசலாம் என்றேன். “நீங்க நிபந்தனை போட்டீங்க, அவர் ஒத்துக்கல, அவ்வளவுதானே” என்றார் குழுவில் ஒருவர். விதிப்படி சரிதான். ‘நீக்கினால்’ என்று எழுதாமல் ‘இதைப் பற்றிப் பேச வேண்டும்’ என்று எழுதியிருந்தால் படம் உள்ளே வந்திருக்குமோ என்னவோ. ஆனால் அப்படி எழுதியிருந்தால் யாரும் பேசியிருக்க மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஷாட்டோடு திரையிட்டிருப்பார்கள், கைதட்டியிருப்பார்கள், அந்த ஷாட்டுக்கே விருது கொடுத்திருப்பார்கள்.

இந்த வருஷம் வகுப்பில் அனுமதி பற்றிய பாடத்துக்கு ஒரு தமிழ்ப் படம் தேவைப்பட்டது. வேறு எதுவும் இந்தக் கேள்வியை இவ்வளவு நேராகக் கொண்டுவந்து வைக்காது என்பதால் அவனிடமே கேட்டேன். “தர்றேன் மேடம். அந்த ஷாட் இருக்கணும்” என்றான். சரி என்றேன்.

ஷாட்டோடுதான் காட்டினேன். வகுப்பறை வேறு, பொதுத் திரையிடல் வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். டிட்டிகட் ஃபாலீஸுக்கு 1969-ல் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான்: மருத்துவர், வழக்கறிஞர், சமூகப் பணியாளர், மாணவர் பார்க்கலாம், பொதுமக்கள் பார்க்கக் கூடாது. அந்தத் தீர்ப்பைத் தவறு என்றுதான் இத்தனை வருஷமாகப் பாடம் நடத்திவருகிறேன்.