ஆரம் ஓர் அடர்த்தியில், உச்ச நிறை வேறோர் அடர்த்தியில்

நியூட்ரான் விண்மீன் என்பது பெரிய விண்மீன் வெடித்தபின் எஞ்சும், பெரும்பாலும் நியூட்ரான்களாலான அடர்ந்த கரு. அதன் உட்பொருள் விறைப்பானதா (அமுக்கினால் வலுவாக எதிர்ப்பதா), இளக்கமானதா (எளிதில் அமுங்குவதா) என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்த அடர்த்தியில் என்பதுதான் கேள்வி.

அளவுகோல், அணுக்கருவின் உள் அடர்த்தி: ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 27 கோடி டன். 1.4 சூரிய நிறை கொண்ட விண்மீனின் ஆரத்தைப் பெரிதும் தீர்மானிப்பது, இதன் ஒன்றிரண்டு மடங்கில் நிலவும் அழுத்தம். நியூட்ரான் விண்மீன் தாங்கக்கூடிய உச்ச நிறையைத் தீர்மானிப்பதோ அதற்கும் பல மடங்கு நெருக்கமான மையப்பகுதி.

கணக்குப் போட்டே பார்க்கலாம். அழுத்தம்–அடர்த்தி அட்டவணையை எடுத்துக்கொண்டு, ஒரு மைய அடர்த்தியிலிருந்து ஈர்ப்பும் அழுத்தமும் சமநிலையில் நிற்பதை விவரிக்கும் டோல்மன்–ஓப்பன்ஹைமர்–வோல்காஃப் சமன்பாட்டை வெளிநோக்கித் தொகையிடுங்கள். சரியாக மையப்புள்ளியிலேயே தொடங்கினால் பூஜ்யத்தால் வகுக்க நேரும். சற்றுத் தள்ளித் தொடங்குங்கள். அழுத்தம் பூஜ்யமாகும் இடமே மேற்பரப்பு. அட்டவணையில் மேலோட்டை விட்டுவிடாதீர்கள்: நிறை அநேகமாகச் சரியாகவே வரும், ஆனால் ஆரம் தவறிவிடும், ஏனென்றால் மேலோடு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தடிமன். விண்மீனுக்குள் ஒலியின் வேகம் ஒளியின் வேகத்தை மிஞ்சுகிறதா என்றும் பாருங்கள்; மிஞ்சினால் அட்டவணை தவறு. மைய அடர்த்தியைக் கூட்டக்கூட நிறை ஏறி ஓர் உச்சத்தைத் தொடும். அதைத் தாண்டிய விண்மீன் நிலைக்காது.

உச்சம் ஏன்? பொதுச் சார்பியலில் அழுத்தமும் ஈர்க்கும். தாங்கிப் பிடிக்கும் அதே அழுத்தம் சுமையையும் கூட்டுகிறது. 1939இல் ஓப்பன்ஹைமரும் வோல்காஃபும் ஒன்றையொன்று விலக்காத நியூட்ரான் வாயுவுக்குக் கண்ட உச்சம் 0.7 சூரிய நிறைதான். ஜே0740+6620 என்ற துடிவிண்மீனின் (சுழன்றபடி சீரான துடிப்புகளை அனுப்பும் நியூட்ரான் விண்மீனின்) நிறையோ சுமார் 2.08 சூரிய நிறை. இந்த இடைவெளியை நிரப்புவது அணுக்கரு விசையின் நெருக்க விலக்கல். மையப்பகுதியில் ஹைப்பரான்கள் (நியூட்ரானைவிடக் கனமான அதன் உறவுத் துகள்கள்) தோன்றினால் அழுத்தம் தளர்ந்து, பல மாதிரிகளில் உச்சம் 2க்குக் கீழே விழுகிறது. இத்துறையில் என்னை மிகவும் ஈர்க்கும் சிக்கல் இது.

ஆரத்துக்கான தடயம் ஈயத்தில் இருக்கிறது. ஈயம்-208இன் 126 நியூட்ரான்கள், 82 புரோட்டான்களைத் தாண்டி மெல்லிய தோலாகப் பிதுங்குகின்றன. அவற்றை வெளியே தள்ளுவதும் விண்மீனை உப்ப வைப்பதும் ஒரே அழுத்தம். ஈயக்கருவின் மீது எலக்ட்ரான்களைச் செலுத்தி அந்தத் தோலின் தடிமனை அளந்த பிரெக்ஸ்-2 சோதனையின் முடிவு 2021இல் வெளியானது: 0.28 ஃபெம்டோமீட்டர் (ஒரு ஃபெம்டோமீட்டர், மில்லிமீட்டரின் லட்சம் கோடியில் ஒரு பங்கு), பிழை வரம்பு 0.07. அந்த நடுமதிப்பு பருத்த விண்மீனைச் சுட்டுகிறது. இரு நியூட்ரான் விண்மீன்கள் இணைந்ததால் எழுந்து 2017 ஆகஸ்ட் 17இல் பதிவான ஈர்ப்பலைகளோ எளிதில் உருக்குலையாத, கச்சிதமான விண்மீன்களைச் சுட்டுகின்றன. அதே முறையில் அளந்த கால்சியம்-48 அணுக்கருவின் நியூட்ரான் தோலும் மெல்லியதாகவே வந்தது. பிழை வரம்பு இவ்வளவு அகலமாக இருக்கையில், ஈயத்தின் நடுமதிப்பை மட்டும் நம்பி ஆரத்தைக் கணிப்பது அவசரம்.