கெத்தாம் தீவுக்கு ஒரு நாள் போதாது

ஊர் ஊராய்ச் சுற்றிய கால்கள்கூடச் சில இடங்களில் சேற்றில் பதிந்ததுபோல் நின்றுவிடும். மலேசியாவில் போர்ட் கிள்ளானை ஒட்டிய கடலில் இருக்கும் மீனவத் தீவான கெத்தாம் அப்படிப்பட்ட ஊர். கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் கொமுட்டர் ரயில் ஏறி, கடைசி நிலையமான போர்ட் கிள்ளானில் இறங்கினால் படகுத்துறை நடக்கும் தூரம்தான்.

ஞாயிறு மதியம் போய் நண்டு சாப்பிட்டுத் திரும்புகிறவர்கள் கூட்டத்தை மட்டுமே பார்க்கிறார்கள். வார நாளில் போய் ஓர் இரவு தங்குங்கள். கடைசிப் படகு போன பிறகுதான் ஊர் தன் முகத்தைக் காட்டும்.

முதலில் கடல்நீர் ஏறி வற்றும் நேர அட்டவணையைப் பாருங்கள். வீடுகள் சதுப்புச் சேற்றில் கால் ஊன்றி நிற்பவை. ஏறக்குறைய 6 மணி நேரம் நீர் ஏறும், அடுத்த 6 மணி நேரம் வற்றும். மறுநாள் இதே நிலை வர சுமார் 50 நிமிடம் தாமதமாகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர்மட்ட வித்தியாசம் 4 மீட்டரைத் தொடும். இது தெரியாமல் போய், "கடல் எங்கே, ஒரே சேறு!" என்று முணுமுணுப்பவர்கள் நிறைய.

கார் கிடையாது. மின்சார சைக்கிள்கள் சத்தமில்லாமல் பின்னால் வரும், ஓரமாய் நடங்கள். வாடகைச் சைக்கிள் எடுத்தால் காசு கொடுக்குமுன் பிரேக்கை அழுத்திப் பாருங்கள். ஈரமான பாதை வழுக்கும்.

வீட்டுக் கதவுகள் திறந்தே கிடக்கும். அதற்காக உள்ளே கேமராவை நீட்டாதீர்கள்.

ஊர்க்காரர்கள் பெரும்பாலும் ஹொக்கியன், தியோச்சூ எனும் சீன வட்டார மொழிகள் பேசும் மீனவர்கள். நம் பாசார் மலாய், அதாவது சந்தையில் பேசும் எளிய மலாய், போதும். ஒவ்வொரு முறையும் ஒரே கடையில் கோப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி) குடியுங்கள். மூன்றாம் முறை கடைக்கார ஆண்ட்டி கேட்காமலே கலக்கிவிடுவார். காய்ந்த இறால் வாங்கினால் ஒரு பிடி அழுத்திப் பாருங்கள், கையில் ஒட்டினால் சரியாகக் காயவில்லை.