ஸ்டார்ட் ஆகாத லாரியும் உப்பு தின்ற எர்த் ஒயரும்

சாவியைத் திருப்பியதும் என்ன சத்தம் வருகிறது என்பதுதான், லாரி ஸ்டார்ட் ஆகவில்லை என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி. என்ஜின் சுற்றவே இல்லையென்றால் கோளாறு பேட்டரிக்கும், என்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாருக்கும் இடையில் எங்கோ இருக்கிறது. நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லையென்றால் பெரும்பாலும் டீசல் வந்து சேரவில்லை. இதைப் பிரித்துப் பார்க்காமல் ஆளாளுக்கு ஒன்றைக் கழற்றத் தொடங்கினால், நல்லபடியாக இருந்ததும் கெட்டுப்போகும்.

இராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகளுக்குப் பச்சைத் தோல் ஏற்றிவரும் பழைய லாரி எங்களுடையது. மெக்கானிக்கல் பம்ப் உள்ள வண்டி. பிஎஸ் 4, பிஎஸ் 6 (புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த புது மாடல்) வண்டிக்காரர்கள் நான் கரண்டைப் பற்றிச் சொல்வதை எடுத்துக்கொள்ளலாம். டீசல் பகுதியை விட்டுவிடுங்கள். எல்லா சிலிண்டருக்கும் டீசல் பிரித்துக் கொடுக்கும் காமன் ரெயில் குழாயில் 1,000 பாருக்கு மேல் அழுத்தம் ஏறும் என்பதால், அங்கே ஸ்பேனரோடு போவது ஆபத்து.

சத்தமே இல்லையென்றால் பேட்டரி கட் ஆஃப் சுவிட்ச், பியூஸ், ரிலே, சாவியிலிருந்து செல்ஃபுக்கு வரும் சிறு ஒயர் ஆகியவற்றை வரிசையாகப் பார்த்தால் போதும். "டக்" என்று ஒரே ஒரு சத்தமோ, "கடகட" என்ற தொடர் சத்தமோ வந்தால் சொலினாய்டு (செல்ஃபுக்குப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) வரை உத்தரவு போகிறது, ஆனால் மோட்டாரைச் சுற்றும் அளவுக்குக் கரண்ட் போகவில்லை என்று பொருள். பேட்டரிக் கடைக்கு வியாபாரம் நடப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறோம். முழு சார்ஜில் ஒவ்வொன்றும் சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். இரண்டையும் சேர்த்து அளந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று மறைத்துவிடும். ஆகவே தனித்தனியாகத்தான் அளக்க வேண்டும். பாட்டு செட்டுக்கும் செல்போன் சார்ஜருக்கும் 12 வோல்ட் வேண்டுமென்று, எர்த் பக்கமுள்ள (நெகட்டிவ் ஒயர் வண்டி இரும்போடு சேரும் பக்கம்) ஒரே பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்துக்கொள்வது நம் பக்கத்து ஓட்டுநர்களின் வழக்கம். அந்தப் பேட்டரி காலியாகிக்கொண்டே வர, என்ஜின் ஓடும்போது சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் இரண்டுக்கும் சேர்த்தே சார்ஜ் கொடுப்பதால் மற்றது அளவுக்கு மீறி ஏறித் தண்ணீர் வற்றுகிறது. வேலூர் வெயிலும் சேர்ந்துகொண்டால் இரண்டும் ஒருசேரப் போய்விடும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்றை வாங்கிப் போடுவதற்கு ஆகும் செலவு, ஒரு பேட்டரி விலைக்கு அருகில்கூட வராது.

இனி எர்த். பள்ளிகொண்டா அருகே சாயங்காலம் டீ குடிக்க நிறுத்திய வண்டி, மறுபடி சாவியைத் திருப்பியபோது "டக்" என்றதோடு நின்றுவிட்டதாக ஓட்டுநர் கூப்பிட்டார். "மீட்டர்ல 25 காட்டுதுண்ணா, பேட்டரி நல்லாத்தான் இருக்குது" என்றார். சும்மா இருக்கும் பேட்டரி 25 காட்டுவதில் ஒன்றும் தெரியாது. செல்ஃப் அடிக்கும் அந்தச் சில விநாடிகளில் அளக்க வேண்டும். கியரை நியூட்ரலில் வைத்து, சக்கரத்துக்குக் கல் போட்டு, என்ஜின் பிடிக்காதபடி டீசலை நிறுத்தும் ஸ்டாப் கேபிளை இழுத்து வைத்துக்கொண்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கட்டையிலும் மறு முனையைப் பெயிண்ட் இல்லாத என்ஜின் இரும்பிலும் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொன்னேன். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. செல்ஃப் மோட்டார் சில நூறு ஆம்பியர் இழுக்கும். 400 ஆம்பியர் ஓடும் வழியில் 0.01 ஓம் தடை இருந்தால் அங்கேயே நான்கு வோல்ட் தொலைந்துவிடும். லைட் எரிவதற்கும் ஹாரன் அடிப்பதற்கும் சில ஆம்பியரே போதுமென்பதால் அவை ஒழுங்காக வேலை செய்யும். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள்.

சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டம்) எர்த் ஒயரை முடுக்கியிருந்த போல்ட்டைக் கழற்றினோம். வெளியே கிரீஸும் மண்ணும் பூசி இறுக்கமாகத்தான் இருந்தது. ஒயர் முனையிலுள்ள லக்கைத் திருப்பிப் பார்த்தால் உள்பக்கம் முழுவதும் பச்சைப் பொடி. ரப்பரைக் கீறியபோது செப்புக் கம்பிகள் கறுத்து, விரலால் தேய்த்தாலே உதிர்ந்தன. ஈரோட்டிலிருந்தும் சென்னை பெரியமேட்டிலிருந்தும் வரும் பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்புப் போட்டே வருகிறது. அந்த உப்புத் தண்ணீர் பலகை இடுக்கு வழியாகச் சொட்டிச் சேஸிஸில் இறங்குகிறது. அரிசி ஏற்றும் ஆரணி வண்டிகளுக்கு இந்தத் தொல்லை இருக்காது. போல்ட் உட்காரும் இடத்தை இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, புது ஒயர் போட்டு முடுக்கி, மேலே கிரீஸ் தடவினோம். பழைய பேட்டரிகளே என்ஜினைச் சுற்றின.

இடையில் ஒன்று: செல்ஃப் மோட்டாரின் இரண்டு போல்ட்டையும் ஸ்க்ரூ டிரைவரால் இணைத்து ஸ்டார்ட் செய்யும் கைவித்தையை யார் காட்டினாலும் அனுமதிக்காதீர்கள். வண்டி கியரில் இருந்தால் அடியில் கிடப்பவர் மேலேயே ஏறிவிடும்.

என்ஜின் நன்றாகச் சுற்றியும் பிடிக்காதபோது சைலன்சரைப் பார்க்க வேண்டும். புகையே வரவில்லையென்றால் என்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசல் வரை டீசல் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை, அது மெக்கானிக் பார்க்க வேண்டிய வேலை. புகை இல்லாதபோது, ஸ்டாப் கேபிள் இழுத்தபடியே சிக்கிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, ஏர் எடுக்கலாம், அதாவது டீசல் வழியில் புகுந்த காற்றை வெளியேற்றலாம். ஃபில்டரின் மேலுள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, நுரை நின்று சுத்தமான டீசல் வரும்வரை ஹேண்ட் பம்பை அடித்து, ஸ்க்ரூவை முடுக்கிய பிறகு, நாசலுக்கு டீசல் அனுப்பும் பம்பிலும் அதையே செய்ய வேண்டும்.

ஏர் எடுத்தவுடன் ஓடி, இரவு நிறுத்தினால் காலையில் மறுபடி படுத்துவிடும் வண்டிக்கு, டேங்கிலிருந்து, டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப் வரையுள்ள குழாயில்தான் ஓட்டை. அங்கே டீசலை உறிஞ்சி இழுப்பதால் காற்று உள்ளே போகுமே தவிர, பல நேரம் வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியாது. கண்ணால் தேடுவது வீண். ஒரு கேனில் டீசல் ஊற்றி, புது ஹோஸ் வழியாக நேரே ஃபீட் பம்புக்குக் கொடுத்து, ஏர் எடுத்து ஓட்டி, இரவு அப்படியே விட்டுவிடுங்கள். காலையில் முதல் செல்ஃபிலேயே பிடித்துவிட்டால், பழைய ஹோஸையும் அதன் இணைப்புகளிலுள்ள செப்பு வாஷர்களையும் ஒன்றுவிடாமல் மாற்றுங்கள். கழற்றிய வாஷரைத் திருப்பிப் போட்டு முடுக்கினால் இரண்டு நாளில் அதே இடத்தில் மறுபடி ஏர் பிடிக்கும்.